குறைத்த எடை ஏன் திரும்ப ஏறுகிறது? ஏறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

டயட் இருந்து எடையைக் குறைப்பது பலருக்கும் கைகூடுகிற காரியம்தான். இரண்டு மூன்று மாதங்களில் ஐந்து கிலோ, எட்டு கிலோ குறைத்துக் காட்டியவர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே இருப்பார்கள். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் அந்த எடையிலேயே இருப்பவர்கள் மிகவும் குறைவு. ஆகவே எடையை எப்படிக் குறைப்பது என்று கேட்பதற்கு முன், குறைத்த பிறகு தினமும் எப்படிச் சாப்பிட்டு வாழப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை இல்லாமல் தொடங்கப்படும் டயட், எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், தொடங்கும்போதே முடிவுத் தேதியையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பழைய சாப்பாடு திரும்புகிறது, பழைய எடையும் திரும்புகிறது.

மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், உண்ணுதல் தொடர்பான மனநலச் சிக்கல் முன்பு இருந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், இன்சுலின் போன்ற சர்க்கரை நோய் மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. காரணம் புலப்படாமல் எடை ஏறினால் தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவற்றின் பங்கும் இருக்கக்கூடும். அதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் வீண் பட்டினியைத் தவிர்க்கலாம்.

உடல் ஏன் எதிர்த்து நிற்கிறது

டயட் தோற்றதும் பெரும்பாலானோர் தம்மையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். மன உறுதி போதவில்லை, நாக்கை அடக்கத் தெரியவில்லை என்று பிறரும் சொல்கிறார்கள். இந்தப் பழி நியாயமற்றது. எடை குறையும்போது உடல் அதை ஆபத்தாகக் கருதி, இழந்ததை மீட்கும் வேலையில் இறங்குகிறது. 1944ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிய சோதனையில், நல்ல உடல்நலத்துடன் இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்த அவர்கள் எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டார்கள். இழந்த கொழுப்பு திரும்பியதுடன் முன்பிருந்ததைவிடக் கூடுதலாகவும் சேர்ந்தது. இத்தனைக்கும் கடினமான சோதனை என்று தெரிந்தே அதற்கு ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதன் உட்பொறி பிற்காலத்தில்தான் தெளிவானது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இல் கண்டறியப்பட்டது. உடலில் கொழுப்பு எவ்வளவு இருப்பில் உள்ளது என்பதை மூளைக்குத் தெரிவிப்பது அதுதான். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது, மூளை பசியைக் கூட்டுகிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனும் அதே வேளையில் அதிகரிக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரக் கடுமையான டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு இந்த ஹார்மோன் மாற்றங்களும் கூடிய பசியும் ஓராண்டு கடந்த பின்னும் நீடித்தது தெரியவந்தது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல் சுமார் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ, ஒரு கிலோவுக்குச் சுமார் 100 கலோரி என்ற அளவில் கூடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஐந்து கிலோ குறைத்தவருக்குச் செலவு நாளொன்றுக்கு 100 முதல் 150 கலோரி குறைந்திருக்கும், பசி முன்பைவிட 500 கலோரி கூடுதலாகக் கேட்கும். கூடிய பசியே பெரிய சிக்கல் என்பதால், குறைவாகச் சாப்பிடு என்ற அறிவுரையைவிடப் பசியை அடக்கக்கூடிய உணவைத் தேர்ந்தெடு என்ற அறிவுரைதான் நெடுநாள் பயன் தரும்.

வேகமும் விதிகளும்

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவதைக் கண்டு ஏமாறக் கூடாது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சில நூறு கிராம் மாவுச்சத்து இருப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தை வெட்டியவுடன் இந்த இருப்பும் நீரும் வெளியேறுகின்றன. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருப்பதால், நாளுக்கு 500 கலோரி குறைத்தாலும் வாரத்துக்கு அரைக் கிலோதான் கரையும், போகப் போக அதுவும் மெதுவாகும். இதைவிட மிக வேகமாகக் குறைக்க முயன்றால் தசை இழப்பும் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகின்றன. நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவு முறைகளை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பின்பற்றவே கூடாது.

கடுமையான விதிகள் இன்னொரு விதத்திலும் கெடுதல் செய்கின்றன. இனிப்பே தொடக் கூடாது என்று முடிவு செய்தவர் மாலையில் ஒரு துண்டு இனிப்பைச் சாப்பிட்டுவிடுகிறார். அதிலுள்ள கலோரி நூறோ நூற்றைம்பதோதான். ஆனால் ‘இன்றைக்குக் கெட்டுப்போயிற்று, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நினைப்பில் அவர் இரவுவரை சாப்பிடுவது ஆயிரம் கலோரியைத் தாண்டக்கூடும். டயட்டைக் குலைத்தது அந்த ஒரு துண்டு என்று அவர் நினைக்கிறார். உண்மையில் குலைத்தது, ஒரு துண்டுக்கும் இடம் விடாத விதி.

எந்த டயட் சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் இடையே எடை இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுக்களிலும் நிறையக் குறைத்தவர்கள் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். எந்த முறையை உங்களால் ஆண்டுக்கணக்கில் சிரமமில்லாமல் தொடர முடியுமோ அதுதான் உங்களுக்கு ஏற்றது.

எங்கே தொடங்குவது

முதலில் இலக்கைச் சரியாக வையுங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியெண் கிடைக்கும். 18.5 முதல் 24.9 வரை இயல்பான அளவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது. இந்த எண் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது என்பதால் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். அந்தச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது.

165 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவருக்குக் குறியெண் 29.4. இயல்பான அளவுக்கு வர அவர் 12 கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டும். அதை முதல் இலக்காக வைத்தால் பெரும்பாலும் மனம் தளர்ந்துபோகும். ஏழு சதவீதம், அதாவது ஐந்தரைக் கிலோவை ஆறு மாதத்துக்கான இலக்காக வைத்தால் போதும். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், இதே ஏழு சதவீத இலக்கும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் வைத்துக்கொண்ட குழுவுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அளவில் சிறிதாகத் தோன்றும் இழப்புக்கும் இவ்வளவு பலன் உண்டு.

முதல் இரண்டு வாரங்கள் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதையும் குடிப்பதையும் அந்தந்த வேளையிலேயே எழுதி வையுங்கள். நாம் சாப்பிடும் அளவைக் குறைத்துச் சொல்வது எல்லோருக்கும் உள்ள இயல்பு. நேர்மையானவர்களும் நினைவிலிருந்து எழுதினால் தவறுவார்கள். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றும் பழக்கம் இருந்தால், சில நாள்களுக்கு அளவுக் கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. கண்ணளவாக ஊற்றும்போது இரண்டு கரண்டி கூடிப்போவது தெரியாமலேயே நடந்துவிடும். நாளுக்கு 500 கலோரி குறைப்பது என்ற இலக்கில் பாதி அங்கேயே கிடைத்துவிடலாம். சர்க்கரை சேர்த்த பானங்கள், வேலை செய்துகொண்டே கொறிப்பவை, பிறர் தட்டில் மீந்ததைத் தீர்ப்பது ஆகியவையும் இந்தக் குறிப்பேட்டில்தான் வெளிச்சத்துக்கு வரும்.

பிறகு ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டை மட்டும் மாற்றுங்கள். குடிக்கும் கலோரியை முதலில் நிறுத்துவது எளிது, ஏனெனில் இனிப்புப் பானங்களால் வயிறு நிறைவதில்லை. அடுத்து, ஒவ்வொரு வேளையிலும் தட்டில் பாதி காய்கறிகளும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதமும், மீதிக் கால் பங்கு தானியமும் இருக்குமாறு அமையுங்கள். புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடுகிறது. அதன் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செரிமானத்துக்கே செலவாகிறது. எடை குறையும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 1.2 கிராம் புரதம் கிடைத்தால் தசை கரைவதும் மட்டுப்படும்.

ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவுகளை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது, வாங்கி வைத்துவிட்டு அடக்கிக்கொள்வதைவிட நூறு மடங்கு எளிது. 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் இருபது பேரைத் தங்கவைத்து நடத்திய ஆய்வில், பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை ஒத்திருந்தும், இவ்வகை உணவு தரப்பட்ட இரண்டு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைக் கூடுதலாகச் சாப்பிடச் சொல்லவில்லை.

உடற்பயிற்சியால் மட்டும் எடை வெகுவாகக் குறைந்துவிடாது. குறைத்த எடையைக் காப்பதில்தான் அதன் பங்கு பெரியது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடையும், இரண்டு நாள் தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் அடிப்படை அளவு. தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். தூக்கம் குறைந்தால் கிரெலின் கூடி லெப்டின் குறைகிறது, மறுநாள் பசி அதன்படியே நடந்துகொள்கிறது. பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எடைக் கருவியை எப்படிப் படிப்பது

ஒரு நாள் எடையை நம்பி மகிழவோ வருந்தவோ வேண்டாம். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல், முந்தைய நாள் பயிற்சி ஆகியவற்றால் நாளுக்கு நாள் ஒரு கிலோ ஏறி இறங்கும். காலையில் கழிவறைக்குப் போய் வந்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒருவரின் ஒரு வார எடை 78.4, 79.1, 78.6, 78.2, 78.9, 78.0, 78.3 என்று இருந்தால் சராசரி 78.5. அடுத்த வாரச் சராசரி 78.1 என்றால், நடுவில் ஒரு நாள் 78.9 காட்டியிருந்தாலும் அவர் சரியான வழியில்தான் போகிறார். எடை பார்ப்பதே மன உளைச்சலைத் தருகிறது என்றால் மாதம் ஒருமுறை இடுப்பளவு எடுத்தால் போதும்.

நான்கு வாரம் சராசரி அசையாமல் நின்றால் குறிப்பேட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் மீண்டும் எழுதுங்கள். பெரும்பாலும் அளவுகள் மெல்லக் கூடியிருக்கும். அப்படி இல்லையென்றால், எடை குறைந்த உடல் ஆற்றலைக் குறைவாகச் செலவிடுகிறது என்று பொருள். அங்கே இரண்டு மூன்று மாதம் அந்த எடையிலேயே நின்று பழகிவிட்டு, பிறகு அடுத்த சுற்றைத் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஏறாமல் நிற்பதும் பழக வேண்டிய ஒரு திறன்தான்.

இலக்கை அடைந்த பிறகும் எழுதுவதையும் எடை பார்ப்பதையும் முழுவதும் கைவிடாதீர்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். அவர்கள் குறைத்த வழிகள் பலவிதமானவை. காத்துக்கொண்ட வழிகளில் ஒற்றுமை அதிகம்: அடிக்கடி எடை பார்ப்பது, நாளுக்குச் சுமார் ஒரு மணி நேர உடலுழைப்பு, விடுமுறையிலும் வேலை நாளிலும் ஒரே மாதிரி உண்பது. உங்களுக்கென ஒரு மேல் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். வாரச் சராசரி இலக்கைவிட இரண்டு கிலோ ஏறினால், ஐந்து கிலோவாகும்வரை காத்திராமல், அன்றே குறிப்பேட்டை எடுங்கள்.

இத்தனையும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் பலன் இல்லை என்றாலும், எடையால் நோய்கள் ஏற்கெனவே வந்திருந்தாலும், மருத்துவரிடம் மருந்து, அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2021இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு ஒப்புதல் பெற்ற செமாகுளூடைட் என்ற ஊசி மருந்து, ஓர் ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது. அதை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே மருந்தைத் தொடங்குமுன் எவ்வளவு காலம் எடுக்க வேண்டியிருக்கும், பக்க விளைவுகள் என்ன, நிறுத்த நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து எடுக்கும் காலத்திலும் புரதமும் தசைப் பயிற்சியும் தொடர வேண்டும்.