கார் டிக்கில வூஃபர் அடிக்கலையா? மொதல்ல எர்த் ஒயரப் பாருங்க

வூஃபர் (பேஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர்) சரியா அடிக்கலன்னா நம்மாளுங்க பண்ற மொத வேலை புது வூஃபர் வெல விசாரிக்கிறதுதான். நானும் அதத்தான் பண்ணேன், பன்னண்டு இன்ச் ஒண்ணு வாங்கி மாட்டுனா அதுவும் பழசு மாதிரியே மொணமொணன்னுதான் பாடுச்சு, கடைசில பாத்தா எர்த் ஒயர பெயிண்ட் மேலயே வச்சு போல்ட் முறுக்கியிருக்காங்க. ஒரு துண்டு உப்புத்தாள்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

அதனால மொதல்ல எர்த். எர்த்ங்கறது ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபயர்) இருந்து வண்டி பாடிக்குப் போற ஒயர், அது ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும், ப்ளஸ் ஒயர் என்ன தடிமனோ இதுவும் அதே தடிமன், பெயிண்ட்ட சுரண்டி தகரம் பளிச்சுன்னு தெரியணும். சீட் பெல்ட் போல்ட்ல மாட்டவே மாட்டாதீங்க. புதுசா ஓட்ட போடறதா இருந்தா வண்டிக்கு அடில குனிஞ்சு பாத்துட்டு போடுங்க, பெட்ரோல் லைன் அங்கதான் போகுது. எர்த் நல்லாருக்கான்னு சந்தேகமா? பாட்டு சத்தமா ஓடும்போது மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய ஆம்ப் எர்த்லயும் இன்னொண்ண பேட்டரி மைனஸ்லயும் வைங்க (நீளமா ஒரு ஒயர் வேணும் அதுக்கு). கிட்டத்தட்ட சைபர் காட்டணும், அரை வோல்ட்டத் தாண்டுச்சுன்னா எர்த் சரியில்ல.

இஞ்சின் ரேஸ் பண்ண பண்ண ஸ்பீக்கர்ல கொய்ய்ய்னு சத்தம் ஏறுதா, அதுவும் பாதி நேரம் எர்த்தாலதான். மீதி நேரம் ஆர்சிஏ கேபிளும் (ஸ்டீரியோல இருந்து ஆம்ப்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டு வர்றது) பவர் ஒயரும் ஒண்ணா சுருட்டி ஒரே பக்கமா வந்திருக்கும். ஒண்ண இடது பக்கம், ஒண்ண வலது பக்கம் விடுங்க.

ஆம்ப்ல இருக்கற ப்ரொடெக்ட் லைட் (கோளாறுன்னா எரியறது) எரிஞ்சா உடனே ஆம்ப் செத்துருச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. ஸ்பீக்கர் ஒயரயும் ஆர்சிஏவயும் கழட்டிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. லைட் போயிடுச்சுன்னா ஆம்ப் நல்லாத்தான் இருக்கு, கோளாறு வெளிய. பெரும்பாலும் ஓம் (மின்தடை) கணக்குதான் ஒதைக்கும்: 4 ஓம் வூஃபர் ரெண்ட பேரலல்ல போட்டா 2 ஓம் ஆயிடும், பிரிட்ஜ் பண்ணா (ரெண்டு சேனல ஒண்ணாக்கி ஓட்டுனா) 4 ஓமுக்குக் கீழ தாங்காத ஆம்ப்ல இத மாட்டுனா சூடாகிப் படுத்துக்கும்.

அப்புறம் ஆம்ப்ல இருக்கற இந்த கெயின் திருகு, ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்ப்ப செட் பண்றது. அது வால்யூம் இல்லங்க, எத்தனை தடவ சொன்னாலும் யாரும் கேக்கறதில்ல, ஃபுல்லா திருப்பி வச்சிட்டு காயில் கருகுன வாசனை வந்ததும் வூஃபர் டுபாக்கூர்ங்கறாங்க. வூஃபர கழட்டிட்டு, பேஸ் பூஸ்ட்ட ஆஃப் பண்ணிட்டு, ஹெட் யூனிட்ட (டேஷ்போர்டு ஸ்டீரியோ) முக்கால்வாசி வால்யூம்ல வச்சு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விடுங்க. மீட்டர் இப்ப ஏசி வோல்ட்ல இருக்கணும், முனைங்கள ஆம்ப்போட ஸ்பீக்கர் அவுட்ல வைங்க. ஆம்ப்போட ஆர்எம்எஸ் வாட்ட (தொடர்ந்து குடுக்கற பவர்) வூஃபர் ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வர்றதுதான் உங்க அளவு, 300 வாட் 4 ஓம்னா 34.6 வோல்ட், அதுக்கு மேல கெயின ஏத்தாதீங்க.

காலைல வண்டி ஸ்டார்ட் ஆகலையா, ரிமோட் ஒயர (ஆம்ப்ப ஆன் பண்ற ஒயர்) யாரோ நேரா பேட்டரி லைன்ல குடுத்திருக்கலாம், ராத்திரி பூரா ஆம்ப் ஆன்லயே இருந்து பேட்டரி இறங்கிடும். சாவிய எடுத்ததும் அதுல வோல்ட் சைபர் ஆகணும். ப்ளஸ் ஒயர் ஃப்யூஸும் பேட்டரில இருந்து ஒன்றரை அடிக்குள்ளயே இருக்கட்டும், டிக்கில ஆம்ப் பக்கத்துல வச்சா நடுவுல ஒயர் ஷார்ட்டானா ஒரு பிரயோஜனமும் இல்ல, எரியும்.

ரெண்டு வூஃபர் போட்டும் பேஸ் சப்புன்னு இருக்குன்னா ஒண்ணு தலைகீழா கனெக்ட் ஆகியிருக்கும். ஆம்ப்ல இருந்து ஒயர கழட்டிட்டு, 9 வோல்ட் பேட்டரி ப்ளஸ்ஸ வூஃபர் ப்ளஸ் ஒயர்லயும் மைனஸ்ஸ மைனஸ்லயும் ஒரு செகண்ட் தொட்டுப் பாருங்க, கோன் வெளிய வந்தா சரி, உள்ள போனா அந்த ஒயர மாத்திப் போடுங்க.