பல்வலி தானா நின்னுடுச்சா? ரூட் கெனால தள்ளிப் போடாதீங்க

என் கீழ் கடவாப்பல்லு நாலு நாள் ராத்திரி தூங்கவே விடல, படுத்தா விண்ணு விண்ணுனு தெறிக்கும், எழுந்து உக்காந்தா கொஞ்சம் பரவால்ல, அஞ்சாவது நாள் பாத்தா சுத்தமா வலியே இல்ல, அப்பாடானு விட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஈறுல ஒரு கொப்புளம், அமுக்குனா சீழ். உள்ள நரம்பு செத்துப்போச்சு, அதான் வலி நின்னுருக்கு, கிருமி பாட்டுக்கு வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிடுச்சு.

ஐஸ் தண்ணி பட்டதும் சுருக்குனு கூசி உடனே போயிட்டா பெரும்பாலும் அடைச்சாலே போதும். காபி டம்ளர கீழ வச்ச பிறகும் வலி நிக்காம இழுத்துட்டே இருந்தாலோ, கடிக்கிறப்ப அந்த ஒரு பல்லு மட்டும் வலிச்சாலோ எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க. முகம் வீங்கி காய்ச்சல் வருது, வாய் திறக்கவோ முழுங்கவோ முடியலன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. கிராம்பு எண்ணெய் அந்த நேரத்துக்கு மரத்துப்போக வைக்கும், அவ்ளோதான். ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க, செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எப்படி அங்க போய்ச் சேரும்?

ரூட் கெனால்ல செய்யறது என்னன்னா, மரத்துப்போற ஊசி போட்டு, பல்லுக்கு மேல சின்னதா ஓட்டை போட்டு, ஊசி மாதிரி ஃபைல (சின்ன அரம்) விட்டு கெட்டுப்போன நரம்ப சுரண்டி எடுப்பாங்க. முன்பல்லுல பெரும்பாலும் ஒரு கெனால் (வேருக்குள்ள நரம்பு போற குழாய்), கடவாப்பல்லுல மூணு நாலு இருக்கும், ஒண்ண விட்டாலும் திரும்ப சீழ் பிடிக்கும், அதனால எத்தன கெனால் இருந்துச்சுன்னு கூச்சப்படாம கேளுங்க. நடுவுல நீச்சல் குளம் மாதிரி ஒரு வாசனை வரும், பயப்படாதீங்க, துணி வெளுக்கற பிளீச்ல இருக்கற அதே சோடியம் ஹைப்போகுளோரைட்ட வச்சுத்தான் உள்ள கழுவுறாங்க. கடைசில கட்டா பெர்ச்சானு குச்சி குச்சியா ஒரு பொருள், ஒரு மரத்துப் பால்ல இருந்து வர்றது, அத வச்சு அடைச்சிடுவாங்க. ஒரே சிட்டிங்லயும் முடியலாம், ரெண்டு மூணும் ஆகலாம்.

மரப்பு போறவரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க, கன்னத்த கடிச்சது கூட தெரியாது (எனக்கு சட்னில ரத்தம் பாத்த பிறகுதான் தெரிஞ்சுது). ரெண்டு மூணு நாள் கடிச்சா லேசா வலிக்கும், அது சகஜம்.

கடவாப்பல்லுன்னா கேப் (பல்லுக்கு மேல மாட்டற உறை) போடறத மட்டும் தள்ளிப் போடாதீங்க. சொத்தைல பாதி போயி மிச்சத்துல ஓட்டையும் போட்ட பல்லு, சுவர் மெலிசா நிக்கும். எங்க அத்தை வலிதான் இல்லையேனு கேப்புக்கு போகாமலே இருந்தாங்க, தீபாவளிக்கு முறுக்கு கடிச்சாங்க, பல்லு நெட்டுக்குத்தா வேர் வரைக்கும் பிளந்துடுச்சு, பிடுங்கறத தவிர வேற வழியே இல்ல. அவங்களுக்கு கேப் காசு தனின்னு பாதிலதான் தெரிஞ்சுதாம், அதனால சேர்ல உக்கார்றதுக்கு முன்னாடியே ரூட் கெனாலுக்கு எவ்ளோ, கேப்புக்கு எவ்ளோன்னு ரெண்டையும் சேத்து கேட்டுடுங்க.