பிளக் பாயிண்டில் ஒரு முகம்: பழைய சாமானில் கைப்பொம்மை

கண்ணை வரையாதீர்கள், தேடுங்கள். பொம்மை செய்ய வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஓவியர் பால் க்ளே தன் மகன் ஃபெலிக்ஸ் விளையாடுவதற்காக 1916 முதல் 1925 வரை ஏறக்குறைய 50 கைப்பொம்மைகள் செய்தார். தீப்பெட்டியில் ஒன்று. இன்னொன்றுக்கு மின் சாக்கெட்தான் தலை. அதன் படத்தைப் பார்த்த அன்றே பழைய சாமான் டப்பாவைக் கொட்டிக் கிளறினேன். மூன்று துளை பிளக் பாயிண்ட் ஒன்று கிடைத்தது. தலைகீழாகத் திருப்பினால் மேலே இரண்டு சின்னக் கண், கீழே அகலத் திறந்த வாய். எதையோ பார்த்து அதிர்ந்துபோன முகம்!

சுவரிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்ட பிளக் பாயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டுகளையும் திருகுகளையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் ஐந்து நிமிடத்தில் விரல் துவண்டுவிடும்.

அடுத்தது கழுத்து. இதில் அவசரப்படாதீர்கள். அட்டையை ஆள்காட்டி விரலில் சுற்றி, இரண்டாவது கணு வரை நுழையும் குழாயாக ஒட்டுங்கள். தளர்வாக இருந்தால் தலை தள்ளாடும். இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். குழாயைத் தலையின் பின்பக்கம் வைத்து, செய்தித்தாள் கீற்றுகளை மாவுப் பசையில் தோய்த்து நான்கு சுற்று ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள்.

உடுப்புக்குப் பழைய சட்டைக் கை போதும். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் துளை போட்டால் கைகள் ஆயிற்று.

ஒட்டிய இடம் தெரிகிறதே என்று பெயிண்ட் அடித்து மூட வேண்டாம். 1918இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சோஃபி டாய்பர் என்ற கலைஞர் செய்த நூல்பொம்மைகள் கடைந்த மரத்தின் கூம்புகளும் உருளைகளும்தான். மூட்டு வளையங்கள்கூட வெளியே தெரியும். எனக்கு அவற்றின் அழகே அதில்தான் இருக்கிறது.

சரி, ஆட்டம். வாசலுக்குக் குறுக்கே போர்வையைக் கட்டிப் பின்னால் உட்காருங்கள். பார்ப்பவர்கள் கீழே இருந்தால் தலையைக் கொஞ்சம் குனிய வையுங்கள். நிமிர்ந்தால் பொம்மை கூரையைப் பார்க்கும். சும்மா ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒருவரைப் பார்க்கட்டும், நிற்கட்டும், அப்புறம் மெல்ல அடுத்தவர் பக்கம் திரும்பட்டும்.

அறை விளக்கை அணைத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். மூன்று துளைகளும் இருண்டு ஆழமாகத் தெரிகிற கோணம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.