தீயணைப்புத் துறை ஹானர் கார்டுக்கு கில்ட் யூனிஃபார்ம்

ஹானர் கார்டுன்னா விழாவுலயும் இறுதிச் சடங்குலயும் அணிவகுத்து மரியாதை செய்யுற குழு, கில்ட்னா ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டுற, மடிப்பு வச்ச பாவாடை மாதிரி உடுப்பு. முதல்ல டார்டன் துணிய, அதாவது கில்ட் தைக்கிற கட்டம் போட்ட துணிய முடிவு பண்ணுங்க, ஏற்கனவே இருக்கிறதையே எடுக்கலாம், இல்ல துறையோட கலர்ல புதுசா டிசைன் பண்ணி ஸ்காட்லாந்தோட டார்டன் ரெஜிஸ்டர்ல பதியலாம், அது 2009ல ஆரம்பிச்சது.

துணி கனமான கம்பளியா, கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடைல எடுத்தா மடிப்பு கலையாம நிக்கும், ஒருத்தருக்கு சுமார் 8 கெஜம் போகும், இதுல மட்டும் காசு பாக்காதீங்க.

மடிப்ப ராணுவ பாணில, ஒவ்வொரு மடிப்புலயும் டார்டனோட ஒரே கோடு தெரியுற மாதிரி வைக்கச் சொல்லுங்க, வரிசையா நடக்கும்போது பின்னாடி இருந்து பாத்தா அவ்ளோ கம்பீரமா இருக்கும்.

இடுப்பளவு பேண்ட் போடுற எடத்துல இல்ல, தொப்புள் கிட்ட எடுக்கணும், கீழ்விளிம்பு எல்லாருக்கும் முட்டி நடுவுல வந்து நிக்கணும், இது ரொம்ப முக்கியம். சாதாரண கோட்டு நீளமா தொங்கி முன்னாடி மாட்டுற ஸ்போரன் பைய மறைச்சிடும், அதனால குட்டையா வெட்டின கோட்டுதான் சரி. துறை பேட்ஜ், ரேங்க் எல்லாம் அதுலயே வந்துடும்.