புது மருந்துன்னு செய்தி வந்தா எப்படி படிக்கணும்
வாட்ஸ்அப்ல "மூட்டு வீக்கத்துக்கு புது மருந்து"ன்னு வந்தா முதல்ல எலிக்கு குடுத்தாங்களா மனுஷங்களுக்கான்னு பாருங்க, பாதி ஆட்டம் அங்கயே குளோஸ். உதாரணத்துக்கு எம்சிசி950ன்னு ஒரு மருந்து, 2015ல டப்ளின் ட்ரினிட்டி காலேஜும் ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டியும் சேர்ந்து பேப்பர் போட்டாங்க, வீக்கத்த கிளப்பி விடுற என்எல்ஆர்பி3 புரோட்டீன அடக்குது, எலிங்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கிற நரம்பு நோய் மாதிரி வரவெச்ச நோய்லகூட கேட்டுச்சு, செம்ம. ஆனா அடுத்து சைடு எஃபெக்ட் பாக்கணும்ல. இதே மருந்த ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டு வீக்க நோய்க்காரங்களுக்கு, மனுஷங்கள வெச்சு பண்ற ரெண்டாம் கட்ட சோதனைல குடுத்தப்போ லிவர் என்சைம் ஏறிப்போய் நிறுத்திட்டாங்க. அதனால மருந்து எந்த கட்ட சோதனைல இருக்குன்னு தேடுங்க, மூணாவது கட்டம் தாண்டலன்னா டாக்டர்கிட்ட காட்டாம ஆன்லைன்ல பவுடர் வாங்கி முழுங்கிறதெல்லாம் வேணாம்ப்பா.