டேப்லெட்டா, மின்வாசிப்பானா: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் படிப்பதற்கென்று ஒரு டேப்லெட்டோ, கிண்டில் போன்ற மின்வாசிப்பானோ வாங்க நினைப்பவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள்: எது விலை குறைவு, எது கண்ணுக்கு நல்லது. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று விடுபட்டுப் போகிறது. நாம் படிக்கப்போகும் நூல்கள் எந்த வடிவக் கோப்புகளாக நம்மிடம் வந்து சேரும் என்பதே அது. அரூரில் இருந்துகொண்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவருக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் நாவல் வாசகர் ஒருவருக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பவர், இருவரில் ஒருவருடைய பணத்தையாவது வீணாக்கிவிடுகிறார்.

பக்கத்தின் அளவைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

மின்நூல்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் கிடைக்கின்றன. இபப், கிண்டில் போன்ற வடிவங்களில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால், திரைக்கு ஏற்றபடி வரிகள் தாமாக மடிந்துகொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, வரி திரைக்கு வெளியே ஓடாது. பி.டி.எஃப். அப்படியல்ல. அதில் பக்கத்தின் அமைப்பு அச்சிட்டபடியே உறைந்து கிடக்கும். அதிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்களைப் போல ஒளிவருடி எடுத்த பி.டி.எஃப். என்றால், ஒவ்வொரு பக்கமும் ஒரு படம் மட்டுமே.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஆறு அங்குல மின்வாசிப்பானின் திரை அகலம் ஏறத்தாழ 91 மி.மீ. ஏ4 பக்கம் முழுவதையும் அந்தத் திரைக்குள் அடக்கினால், தாளில் 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் இருந்த எழுத்து 5 புள்ளியை ஒட்டிச் சுருங்கி, மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தைப் போல ஆகிவிடும். ஏழு அங்குலத் திரையிலும் 6 புள்ளிதான் தேறும். 11 அங்குல டேப்லெட்டை நெடுக்காகப் பிடித்தால் அதே எழுத்து 8 புள்ளிக்குச் சற்று மேலே நிற்கும்; குறுக்காகத் திருப்பினால் அச்சிட்ட அளவுக்கே வந்துவிடும், பக்கத்தை மட்டும் மேலும் கீழுமாக நகர்த்திக்கொள்ள வேண்டும்.

எனவே, பள்ளிப் பாடநூல்களைத் தரவிறக்கிப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், “கண்ணுக்கு நல்லது” என்ற ஒரே சொல்லை நம்பி ஆறு அங்குலக் கருவி வாங்குவது, இந்த வட்டாரத்தில் எளிதில் நேரக்கூடிய, ஆனால் முற்றிலும் தவிர்க்கக்கூடிய தவறு. அந்தப் பாடநூல்கள் பி.டி.எஃப். கோப்புகளாகத்தான் கிடைக்கின்றன. புவியியல் நூலில் உள்ள நிலப்படமும், அறிவியல் நூலில் உள்ள வண்ண விளக்கப்படமும் கறுப்பு வெள்ளைத் திரையில் பாதிப் பொருளை இழந்துவிடும். மின்வாசிப்பான்களுக்கான இ-இங்க் எனும் தாள் போன்ற திரைகளிலும் வண்ண வகைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்திருக்கின்றன. ஆனால் இப்போது பரவலாக உள்ள கலைடோ 3 வகைத் திரையில் கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைத்தாலும் வண்ணத்துக்கு 150 பிக்சல்தான். நிறங்களும் சலவையில் வெளுத்தவை போலத்தான் தெரியும்.

இதையே திருப்பிப் போட்டும் தவறு செய்கிறார்கள். பி.டி.எஃப். என்றாலே மின்வாசிப்பானில் படிக்க முடியாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழில் டெமி அளவில் வந்த நாவல், கட்டுரை நூல்களின் தாள் அகலம் ஏறத்தாழ 140 மி.மீ. தான். நான்கு பக்க வெற்று ஓரங்களையும் கணினியில் முன்கூட்டியே வெட்டிவிட்டு ஏற்றினால், ஆறு அங்குலத் திரையிலேயே அச்செழுத்தின் அளவில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் கிடைத்துவிடும். நல்ல பார்வை உள்ளவருக்கு அது போதும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் நூல்களை இபப் வடிவத்திலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப். வடிவத்திலும் இலவசமாகத் தருகிறார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்களோ யூனிகோடு உரையாகவே கிடைக்கின்றன. சங்க இலக்கியமும் பழைய உரைநடையும் படிக்க விரும்புபவர், விலைக்கு வாங்க வேண்டிய நூலைத் தேடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் தெரிகிறது என்ற அளவில் திருப்திப்பட்டுவிடுவது

விளம்பரத்தில் தமிழ் நூலின் அட்டைப்படம் தெரிவது ஒரு சான்றே அல்ல. அட்டை என்பது வெறும் படம். தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகளும் ஒகர, ஓகாரங்களின் கொம்பும் கோப்பில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் காட்டும்போதுதான் முன்னால் கொண்டுவரப்படுகின்றன. இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் “கொக்கு” என்ற சொல்லின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் சிதறி நிற்கும். வாங்குவதற்கு முன், அல்லது திருப்பித் தரும் கெடு முடிவதற்கு முன், “கொக்கு”, “கௌரவம்”, “ஸ்ரீ”, “க்ஷ” ஆகியவை உள்ள ஒரு பக்கத்தைச் சொந்தக் கோப்பாக ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். கடையில் வாங்கிய நூல் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. நாமே ஏற்றும் இபப் கோப்பில்தான் சிக்கல் எட்டிப் பார்க்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை பகுதிகளில் ஒரே வீட்டில் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ படிப்பவர்கள் ஏராளம். அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் இந்திய மொழி நூல்களைத் தொடங்கியபோது அறிவித்தவை இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்துதான். தெலுங்கும் கன்னடமும் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ் நன்றாக வருகிறது, ஆகவே மற்றதும் வரும் என்று எடுத்துக்கொள்ளாமல், வீட்டில் படிக்கப்படும் ஒவ்வொரு மொழியிலும் ஒரு கோப்பை வைத்துச் சோதிப்பதே முறை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இந்தக் கவலை இல்லை. இம்மொழிகளுக்கான எழுத்துருக்கள் அதிலேயே இருக்கின்றன.

எழுத்தைப் பெரிதாக்க வேண்டிய முதியவர்களுக்காக வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீள்பவை. “வந்துகொண்டிருந்தவர்களுக்கும்” என்பது நமக்கு ஒரே சொல். ஆறு அங்குலத் திரையில் எழுத்தை மிகப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல் நிற்பதே பெரும்பாடாகிவிடும். இருபுறமும் சீராக நிறைக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு சொற்களுக்கு இடையில் ஒரு வாய்க்கால் ஓடும். இடப்பக்க ஒழுங்குக்கு மாற்றினால் ஓரளவு சரியாகும். கண்புரை அறுவைக்குப் பிறகும் பெரிய எழுத்து தேவைப்படும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ, என் கணிப்பில், பெரிய திரையுள்ள டேப்லெட்தான் பொருத்தம். தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும் குரல் வசதியும் அதில் உண்டு.

கண்ணையும் தூக்கத்தையும் பற்றிய அரைகுறை நம்பிக்கைகள்

இ-இங்க் திரையில் நுண்ணிய உறைகளுக்குள் மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் உள்ளன. மின்புலம் எதை மேலே இழுக்கிறதோ அது நமக்குத் தெரிகிறது. திரை தானாக ஒளிர்வதில்லை. தாளைப் போலவே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் பேருந்தின் சன்னலோரத்தில் மாலை வெயில் நேரே விழுந்தாலும் அதில் எழுத்து தெளிவாக இருக்கிறது. டேப்லெட்டிலோ நம் முகம்தான் தெரியும். வெளியில், வழியில் படிப்பவருக்கு இது மறுக்க முடியாத நன்மை.

ஆனால் இதிலிருந்து டேப்லெட் கண்ணைக் கெடுத்துவிடும் என்ற முடிவுக்குத் தாவுவது சரியல்ல. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கண் உலர்ந்து எரிவதற்கு அது முக்கியக் காரணம். இருட்டறையில் ஒளியைக் கூட்டி வைத்துக்கொள்வதும், மூக்கருகில் வைத்துப் படிப்பதும் மற்றவை. இவற்றைத் திருத்தாமல் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதில் பயன் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமே அத்தகைய கண்ணாடிகளைப் பரிந்துரைப்பதில்லை.

தூக்கத்தைப் பற்றிப் பேசுவோர் 2014 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டி, மின்வாசிப்பானே தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார்கள். அந்த ஆய்வில் பயன்படுத்தப்பட்டது ஐபேட். மங்கலான அறையில், அதன் ஒளியை உச்சத்தில் வைத்து, உறங்கப்போவதற்கு முன் நான்கு மணி நேரம் 12 பேர் படித்தார்கள். அச்சு நூலைப் படித்த இரவுகளைவிட அவர்கள் உறங்க ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. முன்விளக்கை, அதாவது திரையின் மேல் ஒளியைப் படரவிடும் விளக்கைத் தணித்து வைத்த இ-இங்க் கருவிக்கு இந்த முடிவை அப்படியே பொருத்துவது பிழை. டேப்லெட்டையும் ஒளியைக் குறைத்துப் பயன்படுத்துபவருக்கு அத்தனை அச்சம் தேவையில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒளியைவிட, வாசிப்புக்கு நடுவே வந்து விழும் வாட்ஸ்அப் செய்திதான். டேப்லெட் வாங்குபவர் முதல் நாளிலேயே அறிவிப்புகளை அடைத்து, சமூக ஊடகச் செயலிகளை அதில் நிறுவாமல் விடுவது உத்தமம். மன உறுதியால் சமாளித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் சமாளிப்பதில்லை.

மின்கலக் கணக்கு, கடைக் கணக்கு

மின்வாசிப்பானை ஒருமுறை மின்னேற்றினால் 12 வாரம் தாங்கும் என்ற விளம்பரத்தை நாள் முழுக்கப் படிப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024-இல் வந்த பேப்பர்வைட் என்ற கிண்டில் மாதிரிக்கு அமேசான் சொல்லும் அந்தக் கணக்கு, வைஃபை அணைந்திருக்க, நாளொன்றுக்கு அரை மணி நேரம் படித்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. கூட்டிப் பார்த்தால் 42 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம் படிப்பவருக்குப் பத்து நாள். டேப்லெட்டின் பத்து மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இதுவும் தாராளமே.

கிண்டில் கடையின் தமிழ் நூல்களைப் படிக்க கிண்டில் கருவியே வேண்டும் என்று நினைப்பது இன்னொரு வீண் செலவு. அதே நூல்களைத் தொலைபேசியிலும் டேப்லெட்டிலும் கிண்டில் செயலியில் படிக்கலாம்; கருவி வாங்குவதற்கு முன் ஓரிரு நூல்களை அப்படிப் படித்துப் பார்த்து, தாம் விரும்பும் எழுத்தாளர்கள் அங்கே கிடைக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது எளிது. சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிட்டடில் எடுத்த நூல்கள் இரவல் போன்றவை. சந்தா நின்றால் அவையும் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய நூல்களையும் கணினிக்கு இறக்கி, யூ.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. நாமே வைத்திருக்கும் இபப் கோப்பை கிண்டிலில் நேரடியாகப் போட்டால் திறக்காது. “சென்ட் டு கிண்டில்” என்ற அமேசான் சேவை வழியாக இணையம் மூலம் அனுப்ப வேண்டும். கோபோ நிறுவனத்தின் மின்வாசிப்பான்கள் இபப் கோப்பை அப்படியே திறக்கும். இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் மலையோர ஊர்களில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

பழுது, பழைய கருவி

10,000 ரூபாயை ஒட்டிய டேப்லெட்டின் திரை உடைந்தால் தருமபுரி நான்கு ரோடு பக்கத்தில் கைபேசி பழுது பார்ப்பவரிடம் கேட்டாவது பார்க்கலாம். இ-இங்க் திரையை அப்படி உள்ளூர்க் கடையில் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள், பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய்த் தேடினாலும் திரையின் விலையும் கூலியும் சேர்ந்து புதுக் கருவியின் விலையை நெருங்கிவிடக் கூடும். பல மின்வாசிப்பான்களில் திரையின் அடித்தளம் மெல்லிய கண்ணாடி. மேல்புறத்தில் கீறல்கூட இல்லாமல், சாப்பாட்டு டப்பாவோடு பையில் நெருக்குண்டே அது உள்ளுக்குள் விரிந்துவிடும். பாதித் திரை கோடு கோடாக உறைந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். கெட்டி அட்டை உறையின் விலையைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பழைய கருவியை வாங்குபவர்கள் மாதிரியின் ஆண்டைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்க்கிறார்கள். 2019-க்கு முந்தைய அடிப்படை கிண்டிலில் முன்விளக்கே கிடையாது. 2022-க்கு முந்தைய அடிப்படை மாதிரிகளில் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான் என்பதால், எழுத்தைச் சிறிதாக்கினால் ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்றாகக் குழம்பும். இவற்றோடு, விற்பவர் தம் அமேசான் கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட்டாரா என்பதை அவர் எதிரிலேயே உறுதிசெய்து, நம் கணக்கில் பதிவாகிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். காணாமல் போனதாகவோ திருடுபோனதாகவோ அமேசானிடம் புகார் பதிவான கருவியை வேறு எவரும் தம் கணக்கில் பதிவு செய்ய இயலாது.