பழைய பிரிட்டிஷ் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

இங்கிலாந்தில் நான் முதலில் வாங்கிய பழைய கார் ஒரு எம்ஜிபி ஜிடி, எம்ஜி நிறுவனத்தின் கூரை வைத்த ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், குரோம் பம்பர், சைக்கிள் போல ஸ்போக் வைத்த சக்கரங்கள். விற்றவர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது. அப்பா ஓட்டிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். மனசு இளகிவிட்டது, பேரம்கூடப் பேசவில்லை. அடுத்த வருஷம் மெக்கானிக் கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து விட்டார். கைப்பிடி வரை உள்ளே போனது.

குறைந்த விலையில் பழைய பிரிட்டிஷ் கார் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறோம், பெயின்டைத் தடவுகிறோம், சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். அடியில் யாரும் குனிவதில்லை. எம்ஜிபியின் எஞ்சின் பழுதானால் சரிசெய்ய எல்லா உதிரிப் பாகமும் கிடைக்கும். பாடித் தகரம் துருப்பிடித்துப் போனால் மாதக்கணக்கில் வெல்டிங், ஆயிரக்கணக்கான பவுண்டு செலவு.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியேதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. கதவுக்கு அடியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் 'சில்' என்பார்கள். பல அடுக்குத் தகரத்தால் ஆனது. சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள் அடுக்கு பெரும்பாலும் முடிந்த கதைதான். விற்பதற்கு முன் அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அல்லது அழுகிய உள்தகரத்தை அப்படியே விட்டு, மேலே புதுத் தகடு ஒன்றை ஒட்டவைப்பார்கள்.

கண்டுபிடிக்க மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம் போதும். பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. அடுத்து, கதவுக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த கூரை வண்டியில் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். கடைசியாக, விற்பவரிடம் கேட்டு, ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் கதவு இறுகினாலோ, தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

'இந்த வண்டிக்கு எம்ஓடி தேவையில்லை' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனைதான் எம்ஓடி. பொய்யில்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு அந்த வருடாந்தரச் சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை. சாலை வரிக்கும் பணம் கட்ட வேண்டாம். ஆனால் சட்டம் சோதனையைக் கேட்காததால் துரு நின்றுவிடுமா? எம்ஓடிக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான். அதை நான் தருகிறேன், சோதனைக்கு விடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளை இலவசமாகப் படிக்கலாம். 'துரு' என்ற குறிப்பு வருஷா வருஷம் வந்து, பிறகு சோதனையே நின்றுபோயிருந்தால் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம்.

ட்ரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் பக்கம் போகிறவர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும். (ஹெரால்டு நமக்கு அந்நியமில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரானது, நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டும்தான் வந்தது.) இவற்றின் முன்சக்கர சஸ்பென்ஷனில் 'ட்ரனியன்' என்ற வெண்கலப் பாகம் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இரும்புத் தண்டு ஒன்று அதன் மரைக்குள் சுழலும். அதற்கு இடவேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். பழக்கதோஷத்தில் கிரீஸை அடித்துவிட்டால், அல்லது எதுவுமே இடாமல் விட்டால், தண்ணீர் புகுந்து அந்தத் தண்டு துருப்பிடித்து ஒரு நாள் முறியும். சக்கரம் மடங்கிவிடும். 'எதை ஊற்றுகிறீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். பதிலில் அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது வெளிவந்துவிடும்.

மோரிஸ் மைனர் ட்ராவலரின் பின்பகுதியில் தெரியும் மரச்சட்டத்தை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பின்பாதியைத் தாங்குவதே அதுதான். மரம் கறுத்து, விரல் நகம் இறங்கினால் செலவு பெரிது.

விலையைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. ட்ரையம்ஃப் ஸ்டாக் (1970-77), வி8 எஞ்சின், அழகான வண்டி. அதிகமாகச் சூடேறும் பழக்கமும் அதனுடன் பிறந்ததே. பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே சில சமயம் எம்ஜிபி விலைக்கே கிடைக்கும், பராமரிப்புச் செலவு மட்டும் ஜாகுவார் செலவாகவே இருக்கும். பாதி பிரித்துப்போட்ட 'ப்ராஜெக்ட் கார்' இன்னும் மோசம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். முடித்த பிறகு ஆகும் மொத்தச் செலவுக்கு, வேறொருவர் முடித்து வைத்த நல்ல வண்டியையே வாங்கியிருக்கலாம்.

குரோம் பம்பர் ஆசையை நானும் விட்டுவிட்டேன். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபிக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. அழகு குறைந்தது என்று பலர் ஒதுக்குவதால் விலையும் குறைவு. அதே பணத்துக்குத் தகரம் கெட்டியான ரப்பர் பம்பர் வண்டி கிடைக்கும்போது, சில் அழுகிய குரோமை எதற்குத் தேடுவது? பெட்ரோல் விஷயம் சின்னது. 2021 செப்டம்பரில் வந்த ஈ10 பெட்ரோல் (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. எத்தனால் குறைவாக உள்ள, கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் ஈ5 சூப்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி பார்க்கப் போகும் நாளில், வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை அவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் போங்கள், ஈரம் பெயின்டின் குறைகளை மறைத்துவிடும். பழைய கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் தரையில் படுக்க யோசிக்க மாட்டீர்கள்.